மேல் ஊர் ஏரியும் கீழ் ஊர் வாசலும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "நீதான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிறாயே, ரோபோ, ஆட்டோமேஷன் என்று ஏதாவது பேசு, பசங்களுக்கு உபயோகமாக இருக்கும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோது கை வேறு பக்கம் போனது. ரோபோவைப் பற்றிச் சொல்ல என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆகவே தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

நம்மில் பலர் வேலை பார்க்கும் இடம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் என்று நீளும் அந்தத் தொழிற்சாலை வட்டாரம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் வந்தது. லாரி, கண்ணாடி, டயர், போன் என்று மற்றவையும் வந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிற இடம். என் குடும்பத்துக்கும்தான். அதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அந்த நிலத்துக்கு ஒரு பழைய தொழில் இருந்தது. அது ஏரி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தை ஏரிகளின் மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக வழியும் தண்ணீர் அடுத்த ஏரிக்கு வரத்து. அது நிரம்பினால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலி போலப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. இன்னொரு பக்கம் ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர் வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் சேர்ந்துதான் அடையாறு ஆகிறது. சென்னையில் பாலத்தின் மேல் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் பார்க்கும் அந்த ஆறு, சுமார் 42 கிலோமீட்டருக்கு மேலே நம் பக்கத்துக் கிராமத்து ஏரிகளின் உபரி நீராகத்தான் பிறக்கிறது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். நாள் முழுக்க அந்த வேகத்தில் போனால் அது சுமார் இரண்டரை டி.எம்.சி. ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். அந்தப் பருவமழையில் மாநிலத்தில் 400 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 2018-இல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, இதை மனிதன் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது.

இதிலே ஒரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. வரதராஜபுரமும் முடிச்சூரும் அதற்கு மேலே இருக்கின்றன. அப்படியானால் அந்த ஊர்களில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அல்ல. அது ஆதனூர் பக்கத்திலிருந்து, மணிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த தண்ணீர். அதாவது நம் வட்டாரத்துச் சின்னச் சின்ன ஏரிகளின் தண்ணீர். பெரிய ஏரிக்குக் காவல் உண்டு, அளவுகோல் உண்டு, டி.வி.யில் செய்தி உண்டு. சின்ன ஏரிக்கு யார் இருக்கிறார்கள்? 2021-லும் அதே ஊர்களில் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நின்றது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

2015-க்குச் சற்று முன்பு நான் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் இளநிலை இன்ஜினீயர். ஒரு தொழிற்சாலை வளாகத்துக்கு மழைநீர் வடிகால் வரைபடம் போடும் வேலை என்னிடம் வந்தது. நம் பேராசிரியர் சொல்லிக் கொடுத்த அதே கணக்கு: எவ்வளவு பரப்பு, எவ்வளவு மழை, எவ்வளவு ஓடும், குழாய் எத்தனை அகலம். மண்ணைக் கொட்டி வளாகத்தை உயர்த்தியிருந்தார்கள். உள்ளே ஒரு சொட்டு நிற்கக் கூடாது என்பது உத்தரவு. அப்படியே போட்டேன். வடிகால் முடியும் இடத்தில், காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஒரு அம்புக்குறி போட்டு "ஏற்கெனவே உள்ள கால்வாய்க்கு" என்று எழுதினேன். அந்தக் கால்வாயை நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. வரைபடம் ஒப்புதல் ஆகி வந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டிசம்பர் மழை விட்ட நாலாம் நாள், வளாகத்துக்கு வெளியே கீழ்ப்பக்கத்துக் கிராமத்துக்குப் போனேன். அந்தக் கால்வாய் முந்நூறு அடிக்கு அப்பால் ஒரு ரோட்டில் முட்டி நின்றது. ரோட்டுக்கு அடியில் ஒரே ஒரு குழாய், அதிலும் பாதி மண். அதற்கு அந்தப் பக்கம் கால்வாயே இல்லை, வாடகைக்கு விடுகிற லைன் வீடுகள் இருந்தன. வீடுகளின் சுவரில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அங்கே ஒரு பெரியவர், அந்த ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சேறு வாரிக்கொண்டிருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் கோபப்படவில்லை. "தம்பி, இந்தத் தண்ணி எங்க போவும்னு நெனச்சி விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 100 ஏக்கர் வளாகத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4 கோடி லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் ஏற்றினால் 3,300 லாரிக்கு மேல். அதே இடம் வயலாக இருந்தபோதும் அதே மழைதான் பெய்தது. ஆனால் வரப்பு கொஞ்சம் பிடித்தது, மண் கொஞ்சம் குடித்தது, மிச்சம் மெதுவாகப் போனது. கூரையும் கான்கிரீட்டும் ஆன பிறகு பெரும் பங்கு உடனே ஓடி வருகிறது. தண்ணீர் கூடியது ஒரு பங்கு என்றால், அது வந்து சேரும் நேரம் குறைந்ததுதான் இன்னொரு பங்கு. கீழ் ஊர்க்காரர்களுக்கு முன்பு இரவெல்லாம் அவகாசம் இருந்தது. இப்போது சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வாசலுக்கு வந்துவிடுகிறது.

இதற்கு அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்தது. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை நம் மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கி வைத்தார்கள். முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். நல்ல காரியம். ஆனால் மழை வருகிற இரவில் அதிகாரி வந்து சேருவதற்குள் தண்ணீர் வந்துவிடும். அந்த முதல் ஆறு மணி நேரத்துக்கு ஊர்தான் தயாராக இருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

இது புதிய யோசனையும் அல்ல. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 920 வாக்கில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஏரி வாரியம் என்று ஒரு குழுவைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதே அந்தக் குழுவின் வேலை. வெள்ளைக்காரன் காலத்தில், 1858-இல், ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரார் வந்து வேலை செய்தாக வேண்டும் என்று கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். உடனே, "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விட வேண்டாம். அந்தக் கட்டாயம் யார் தலையில் விழுந்தது? கூலி உழைப்பாளி தலையில். நள்ளிரவில் மண் சுமக்க ஒரு தெரு, பாதுகாப்பாகத் தூங்க இன்னொரு தெரு என்கிற ஏற்பாடு இனி வேண்டாம். வேலையும் எல்லோருக்கும், எச்சரிக்கையும் எல்லோருக்கும் என்று இருக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? கடந்த சில ஆண்டுகளாக நண்பர்கள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களுக்குப் போய்க் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நாங்கள் சொல்லிக் கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

முதலாவது, கால்வாயில் நடப்பது. வெயில் காலத்தில், ஜூன் மாதத்தில், ஊர்ப் பெரியவர் ஒருவரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, மேல் ஏரியின் கலங்கலிலிருந்து கீழ் ஏரியின் உள்வாய் வரைக்கும் நடந்து போக வேண்டும். எங்கே அடைப்பு, எங்கே சிறுபாலம், எங்கே கால்வாய் காணாமல் போகிறது என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். அந்தத் தாளைக் கிராம சபையில் வைக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபை வரை காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும். ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே தீர்மானம் போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, அளவுக் கோடு. வானிலைத் துறை 20 சென்டிமீட்டருக்கு மேல் அதி கனமழை, சிவப்பு எச்சரிக்கை என்று சொல்கிறது. நமக்குப் புரியும். ஆனால் ஒரு அம்மாவுக்கு, "20 சென்டிமீட்டர்" என்றால் தன் வீட்டு எத்தனையாவது படி? அதைச் சொல்ல வேண்டும். கலங்கல் பக்கத்தில் ஒரு கல்லிலும், ஊருக்குள் கோயில் சுவரிலும், பள்ளிக்கூடச் சுவரிலும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடு போடுங்கள். 2015-இல் தண்ணீர் நின்ற உயரத்தையும் குறித்து வையுங்கள். ஏரியில் மஞ்சளைத் தொட்டால் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டு. சிவப்பைத் தொட்டால் பள்ளத் தெரு காலி. இவ்வளவுதான் திட்டம். இதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயிண்ட்.

மூன்றாவது, மேல் ஊரிலிருந்து கீழ் ஊருக்கு ஒரு போன். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான் என்பேன். மேல் ஏரி கோடி போக ஆரம்பித்தால், அடுத்த ஊரில் மூன்று பேருக்குப் போன் போக வேண்டும். மூன்று பேர் எதற்கு என்றால், ஒருவர் போனில் சார்ஜ் இருக்காது, ஒருவர் தூங்கிவிடுவார். அவர்கள் அடுத்த ஊருக்குச் சொல்ல வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இந்த இரண்டும் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் எழுதியிருக்க வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இல் அரசு நிறுத்தச் சொன்னது சரியான காரியம். ஒரு மனிதனைத் தமுக்கு அடிக்க வைத்துத்தான் செய்தி சொல்ல வேண்டும் என்பதில்லை. கோயில், மசூதி, சர்ச் மைக் இருக்கிறது. கரண்ட் போனால் வேலை செய்ய ஒரு பேட்டரி மெகாபோன் போதும்.

நான்காவது, கரை பார்ப்பது. சிவில் படிக்கும் தம்பிகள் இதைக் கவனியுங்கள். ஏரிக்கரையின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் கசிந்தால் எல்லாக் கசிவும் ஆபத்தில்லை. தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் ஆள் வைத்துக் கவனித்தால் போதும். கலங்கலாக, மண் கலந்து வந்தால் கரைக்குள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். அப்போது உடனே நீர்வளத் துறைக்காரருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் சொல்ல வேண்டும், கீழே இருப்பவர்களை மேட்டுக்கு அனுப்ப வேண்டும். பயத்தில் அந்த ஓட்டையின் வாயை அடைக்கக் கூடாது. அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் வழி தேடும். அதைச் சுற்றி மணல் மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே தண்ணீரைக் கொஞ்சம் உயர விட்டால் அரிப்பு அடங்கும். அந்த நீர்க்கட்டிப் பெரியவர் இதை எனக்குச் சொன்னபோது, நம் மண் இயந்திரவியல் பாடத்தில் படித்ததுதான் என்று எனக்கு உறைத்தது. அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

ஐந்தாவது, ஆள் பட்டியல். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் டயாலிசிஸ் நோயாளி, யாருக்கு நடக்க முடியாது, பள்ளிக்கூடச் சாவி யாரிடம், மாடி வீடு யாருடையது, டிராக்டர் யாரிடம் என்று ஒரு நோட்டு. மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்தால் ஒரே வாரத்தில் எழுதிவிடுவார்கள். எழுதினதை வருஷா வருஷம் திருத்துவார்கள். ரேஷன் கார்டு, பட்டா, சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். தண்ணீர் வாசலைத் தொடுமுன் மெயின் சுவிட்ச் நிறுத்தம். வடிந்த பிறகு கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் பிளீச்சிங் பவுடர். சேற்றில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, எலிக்காய்ச்சல் வரும்.

அந்த நோட்டில் பலரும் மறந்துவிடுகிற ஒரு பகுதி உண்டு. லைன் வீடுகளில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள். அவர்கள் ரேஷன் கார்டில் இல்லை, வாக்காளர் பட்டியலில் இல்லை, ஆகவே நம் நினைப்பிலும் இல்லை. குறைந்த வாடகைக்குக் கிடைப்பது பள்ளமான இடம்தான். தமிழில் மைக் போட்டால் அவர்களுக்குப் புரியாது.

ஒரு ஊரில் கூட்டம் போட்டபோது ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்துப் பையன் ஒருவன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அரைகுறைத் தமிழில், "அண்ணா, இங்க ஷெல்டர் எது?" என்றான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் மாநிலத்தில் 1999 புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். அதன் பிறகு அவர்கள் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் கட்டினார்கள், ஊர் ஊராக ஒத்திகை பார்த்தார்கள். 2013-இல் பைலின் புயல் அவன் மாவட்டத்திலேயே கரையைக் கடந்தது. லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. பங்களாதேஷும் அப்படித்தான். 1970 புயலில் லட்சக்கணக்கான உயிர்கள் போன பிறகு, மெகாபோனும் கொடியும் கையில் கொடுத்துக் கிராமத்துத் தொண்டர்களைத் தயார் செய்தார்கள். சாவு எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. நாம் யாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தோமோ, அந்தப் பையன் நமக்குச் சொல்லிக் கொடுக்கத் தயாராக நிற்கிறான். அந்த ஊரில் இப்போது ஒடியாவிலும் இந்தியிலும் அறிவிப்பைப் பதிவு செய்து வைத்திருப்பது அவன்தான்.

இனி நம் தொழிற்சாலைகள். மேலாளர் பதவியில் இருக்கும் அண்ணன்கள் நிறையப் பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள், உரிமையோடு கேட்கிறேன். தீ ஒத்திகை தவறாமல் நடத்துகிறோம். வெள்ள ஒத்திகை எத்தனை இடத்தில் நடக்கிறது? வளாகத்தில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைக்கும் முன், ஊராட்சித் தலைவருக்கு ஒரு போன் செய்கிறோமா? உள்ளேயே ஒரு குளம் வெட்டி, உச்ச மழையின் முதல் சில மணி நேரத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விட்டால் கீழ் ஊர் பிழைக்கும். கோடையில் அதே தண்ணீர் நமக்கும் உதவும். கம்பெனிச் சட்டத்தின்படி சமூகப் பொறுப்புக்கு லாபத்தில் 2 சதவிகிதம் ஒதுக்குகிறோம். 2019-லிருந்து பேரிடர் மேலாண்மையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வெள்ளம் வந்த பிறகு பாயும் பிரெட்டும் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வதைவிட, வருமுன் ஒரு சிறுபாலத்தை அகலப்படுத்துவது மலிவு. 2015-இல் தண்ணீர் வந்தபோது கார் தொழிற்சாலைகளும் உற்பத்தியை நிறுத்தத்தானே வேண்டியிருந்தது? தொழிலாளி வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் ஷிப்டுக்கு யார் வருவார்கள்?

தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். வருஷா வருஷம் சர்வே கேம்ப் போகிறீர்கள். லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு எங்கோ ஒரு மேட்டை அளந்து, மார்க் வாங்கி, அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன். இனி அந்தக் கேம்பை ஒரு ஏரிச் சங்கிலியில் நடத்துங்கள். கலங்கல் எந்த மட்டம், பள்ளத் தெரு எந்த மட்டம், சிறுபாலத்தின் அடி எந்த மட்டம் என்று அளந்து அந்த ஊராட்சிக்குக் கொடுங்கள். கோயில் சுவரில் சிவப்புக் கோட்டை எங்கே போட வேண்டும் என்று ஊர்க்காரர் அனுபவத்தில் சொல்வார். அது சரிதானா என்று நீங்கள் அளந்து சொல்லலாம். மார்க்கும் கிடைக்கும், நோட்டும் உயிரோடு இருக்கும். பேராசிரியர்கள் மனம் வைத்தால் இது அடுத்த ஜூன் மாதமே நடக்கும். கருவி வாடகை, பஸ், சாப்பாட்டுச் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. இதை நண்பர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், ஆகவே யாரும் பின்வாசல் வழியாக நழுவ முடியாது.

கடைசியாக ஒன்று. சென்ற வருஷம் ஒரு வேலைக்காக மறுபடியும் மழைநீர் வடிகால் வரைபடம் போட வேண்டி வந்தது. காம்பவுண்டுச் சுவர் வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். மறுநாள் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு கீழ்ப்பக்கம் அடுத்த ஏரி வரை நடந்தேன். மொத்தம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பாதி நாள் ஆனது. வரைபடத்தில் இன்னும் இரண்டு தாள் கூடியது, சிறுபாலம் ஒன்று பெரிதானது, கொஞ்சம் சண்டையும் வந்தது. அந்தப் பாதி நாளை முதல் தடவையே நான் செலவழித்திருக்கலாம்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் கேட்ட கேள்வியை அடுத்து வரைபடம் போடப்போகும் உங்களிடம் அப்படியே ஒப்படைத்துவிட்டுப் போகிறேன்: "இந்தத் தண்ணி எங்க போவும்னு நெனச்சி விட்டீங்க?"